ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ-க்கு சூப்பர்சார்ஜர்: கம்ப்ரெஷனக் குறைக்கணுமா, அப்படியே விடணுமா?

டர்பன்ல டொயோட்டா மேல உயிரா இருக்குற நம்ம பசங்ககிட்ட ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ-ன்னா தனி மரியாதைதான். 1.8 லிட்டர்ல 141 கிலோவாட், ஆறு கியர், 6,000 ஆர்பிஎம் தாண்டினதும் வால்வை இன்னும் அதிகமா திறக்குற பெரிய கேம் புடிச்சு இன்ஜின் குரலே மாறிடும். அந்த வண்டிங்க எல்லாம் இப்ப பழசாகி விலை இறங்கி கைக்கு எட்டுற தூரத்துக்கு வந்துடுச்சு, அதனால சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்த பட்டறைக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டுல சுத்தி காத்தை அழுத்தி உள்ள தள்ளுற ப்ளோயர்) போடுறதப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்காங்க. பேச்சு எப்பவும் ஒரே இடத்துல வந்து நிக்குது. இந்த 2இசட்இசட்-ஜிஇ இன்ஜின் கம்பெனியில இருந்தே 11.5:1 கம்ப்ரெஷன்ல (பிஸ்டன் மேல ஏறுறப்ப கலவையை எத்தனை மடங்கு நசுக்குதுங்கிற அளவு) வருது, பூஸ்ட் (ப்ளோயர் கூடுதலா குடுக்குற காத்தழுத்தம்) போட்ட இன்ஜின்னா 8.5, 9-ன்னு கேட்டுப் பழகின காதுக்கு அது ரொம்ப ஜாஸ்தியாத் தெரியும், அப்ப இன்ஜினப் பிரிச்சு குறைக்கணுமா, இல்ல அப்படியே வெச்சுக்கிட்டு கொஞ்சமா பூஸ்ட் குடுத்தா போதுமா?

எல்லா வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு என் முடிவ சொல்றேன். எல்லாருக்கும் ஒரே நம்பர் பொருந்தாது, ஆனா எந்த ஆளுக்கு எந்த வழின்னு தெளிவாவே சொல்லலாம்.

முதல்ல கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. டொயோட்டாவே போட்ட 4ஏ-ஜிஇசட்இ முதல்ல 8.0, பின்னாடி வந்தது 8.9. முதல் தலைமுறை மினி கூப்பர் எஸ் 8.3. மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 கொம்ப்ரெஸர் 8.8. இதெல்லாம் பாத்தா குறைக்கிறதுதான் சரின்னு தோணும். ஆனா லோட்டஸ் என்ன பண்ணாங்க தெரியுமா, 2006-ல எக்ஸிஜ் எஸ்-க்கு நம்ம இதே 2இசட்இசட் இன்ஜினை எடுத்து அதுல ஈட்டன் எம்62 ப்ளோயர் மாட்டி, கம்ப்ரெஷன் 11.5-ஐ தொடவே இல்ல. 163 கிலோவாட் எடுத்து கம்பெனி வாரன்ட்டியோட வித்தாங்க. டொயோட்டாவும் ஐரோப்பாவுல இதே இன்ஜின்ல சூப்பர்சார்ஜர் போட்டு ஒரு கொரோலா வித்தாங்க. அப்ப 8.3-ம் சரி, 11.5-ம் சரின்னா என்ன அர்த்தம்? நம்பர் மட்டும் தனியா எதையும் சொல்லாதுன்னு அர்த்தம். லோட்டஸ் பூஸ்ட்டை அடக்கி வெச்சாங்க, காத்து குளிர இன்டர்கூலர் வெச்சாங்க. மினி 1.6 லிட்டர் சின்ன இன்ஜின்ல பூஸ்ட்டை நம்பியே முழு பவரையும் எடுக்கணும்னு ஆரம்பத்துலயே தீர்மானிச்சு டிசைன் பண்ணது.

இப்ப எல்லாரும் போடுற கணக்கு ஒண்ணு இருக்கு. பிஎஸ்ஐ-ல இருக்குற பூஸ்ட்டை 14.7-ஆல (கடல் மட்டத்து காத்தழுத்தம்) வகுத்து, ஒண்ணு கூட்டி, அதை கம்ப்ரெஷனால பெருக்குறது. 11.5-ல 6 பிஎஸ்ஐ போட்டா 16.2 வரும், 9-ல 12 பிஎஸ்ஐ போட்டா 16.3 வரும். பாத்தீங்களா ரெண்டும் ஒண்ணுதான், அப்ப ரிஸ்க்கும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு போயிடுவாங்க. இந்தக் கணக்கை வெச்சு யாரும் பிஸ்டன் ஆர்டர் பண்ணாதீங்க. உள்ள போற காத்தோட அளவைப் பாருங்க, முதல் இன்ஜினுக்கு சாதாரணத்தை விட 1.4 மடங்கு, ரெண்டாவதுக்கு 1.8 மடங்கு. கம்ப்ரெஷன் குறைஞ்சதால ரெண்டாவது இன்ஜின் எஃபிஷியன்சியில இழக்குறது தியரிப்படி ஒரு 6 சதவீதம்தான். காத்து கிட்டத்தட்ட 29 சதவீதம் அதிகம். சூடும் பெல்ட் இழுக்குற பவரும் போக அதுல பாதி கையில நின்னாக் கூட பெரிய வித்தியாசம். கணக்குல ஒரே நம்பர், ரோட்டுல ரெண்டு வேற வேற வண்டி.

அந்தக் கணக்கு சொல்லாம விடுற பெரிய விஷயம் சூடு. நாக்கிங்குக்கு மூல காரணம் சூடும் பிரஷரும் சேர்ந்து, ப்ளக் பத்த வெச்ச தீ போய்ச் சேர்றதுக்கு முன்னாடி சிலிண்டர் ஓரத்துல இருக்குற கலவை தானா வெடிக்கிறது. டர்பன்ல 30 டிகிரி வெயில்ல காத்தை இழுத்து 1.4 மடங்கு அழுத்தினா, எம்62 மாதிரி ரூட்ஸ் டைப் ப்ளோயர் எஃபிஷியன்சி 55, 60 சதவீதம்னு வெச்சுக்கிட்டாலே வெளிய வர்ற காத்து 80-லிருந்து 85 டிகிரி இருக்கும். 1.7 மடங்கு அழுத்தினா 115, 120-க்கு போயிடும். இது ப்ளோயர் குடுக்குற சூடு. இன்டர்கூலர் நல்லா இருந்தா இதுல பெரும்பகுதியை காத்து இன்ஜினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே எடுத்துடலாம். ஆனா பிஸ்டன் மேல ஏறும்போது சிலிண்டருக்குள்ள வர்ற சூடு இருக்கே, அதை எந்த இன்டர்கூலரும் எடுக்க முடியாது, அது மூடின அறைக்குள்ள நடக்குற வேலை. பிஸ்டன் குடுக்குற சூட்டைக் குறைக்கணும்னா கம்ப்ரெஷனைத்தான் குறைக்கணும்.

இந்த ஒரு பாயின்ட்டை புடிச்சுக்கிட்டா பாதி முடிவு தானா வந்துடும். இன்டர்கூலர் இல்லாம ப்ளோயரை நேரா மேனிஃபோல்டு மேல உக்கார வைக்கிற கிட் வாங்குறீங்கன்னா, பூஸ்ட் ஏத்த ஏத்த சூடுதான் ஏறும், கம்ப்ரெஷனைக் குறைச்சு பூஸ்ட்டை ஏத்துறதுல பெரிய லாபம் இல்ல, அந்த செட்டப்புக்கு கம்பெனி கம்ப்ரெஷனும் கம்மி பூஸ்ட்டும்தான் பொருத்தம். நல்ல இன்டர்கூலர், நல்ல பைப்பிங், முன்னாடி பம்பர்ல காத்து வர்ற வழி எல்லாம் சரியா இருந்தா மட்டும்தான் கம்ப்ரெஷனைக் குறைச்சு பூஸ்ட் ஏத்துற வழி போட்ட காசைத் திருப்பித் தரும். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, பிஸ்டனுக்கு காசெல்லாம் போட்டுட்டு இன்டர்கூலர் அடுத்த வருஷம்னு சொல்றாங்க. கையில இருக்குற காசு ஒண்ணுக்குத்தான் பத்தும்னா இன்டர்கூலர் வாங்குங்க, பிஸ்டன் காத்திருக்கட்டும்.

சரி, வழி ஒண்ணொண்ணா.

முதல் வழி, இன்ஜினை பிரிக்காம 11.5-லயே விட்டுட்டு 5, 6 பிஎஸ்ஐ. இதோட பெரிய பலம் என்னன்னா வண்டி பூஸ்ட் இல்லாதப்ப ஆர்எஸ்ஐ மாதிரியே ஓடும். பெட்ரோல் செலவு கட்டுக்குள்ள இருக்கும், 3,000 ஆர்பிஎம்ல ரோபோ (சிக்னல்) பச்சை விழுந்ததும் இழுக்குற இழுவை குறையாது. வேணாம்னு தோணுச்சுன்னா கிட்டை கழட்டி வித்துடலாம். பலவீனம், தப்பு பண்ண இடமே இல்ல. 95 ஆக்டேன் பெட்ரோல், 11.5 கம்ப்ரெஷன், பூஸ்ட், டர்பன் வெயில், இது நாலும் ஒண்ணா சேர்ந்தா இக்னிஷன் டைமிங்கை (ப்ளக் தீ வைக்கிற நேரத்தை) நல்லா பின்னாடி இழுக்க வேண்டியிருக்கும். டைமிங் பின்னாடி போனா நாக்கிங் அடங்கும், ஆனா எக்ஸாஸ்ட் சூடு ஏறும், பவரும் கொஞ்சம் போகும். டைமிங்கைக் குறைச்சுக் குறைச்சு பூஸ்ட்டை ஏத்துறவங்க ஒரு கட்டத்துக்கு மேல ஒண்ணும் சம்பாதிக்கிறது இல்ல, ப்ளோயரைச் சுத்துறதுக்கு இன்னும் பவர் குடுத்துட்டு, வந்த பவரை டைமிங்ல விட்டுடுறாங்க. இன்னொரு விஷயம், கம்பெனி பிஸ்டன்ல ரிங் கேப் பூஸ்ட்டுக்குன்னு வெச்சது கிடையாது. 82 மில்லிமீட்டர் போருக்கு சாதாரண இன்ஜின்ல மேல் ரிங் கேப் மூணுல ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவு இருந்தா போதும், நல்ல பூஸ்ட் போடுற இன்ஜினுக்கு அரை மில்லிமீட்டர் கிட்ட வேணும். ரிங் சூட்டுல நீண்டு ரெண்டு முனையும் முட்டிக்கிச்சுன்னா பிஸ்டன்ல ரிங் உக்கார்ற விளிம்பு (ரிங் லேண்ட்) பிளந்துடும். அதனால இந்த வழிக்கு ஒரு வரம்பு இருக்கு. 6, 7 பிஎஸ்ஐ-யோட நிக்கணும், அதுக்கு மேல ஆசை இருந்தா இது உங்க வழி இல்ல.

இந்த இன்ஜினுக்குன்னு ஒரு சின்ன அனுகூலம் இருக்கு, அதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. இன்டேக் கேம் டைமிங்கை ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) மாத்தும். வால்வ் பிஸ்டன் கீழ போய் திரும்பி மேல ஏற ஆரம்பிச்ச பிறகுதான் மூடும், அது எவ்வளவு லேட்டா மூடுதோ அந்த அளவுக்கு நிஜமா அழுத்தப்படுற காத்து குறையும். கீழ் ஆர்பிஎம்ல பூஸ்ட் வர்ற இடத்துல இன்டேக் கேமை கொஞ்சம் பின்னாடி தள்ளினா 11.5-ங்கிறது நடைமுறையில அவ்வளவு உறைக்காது, ப்ளோயர் அந்த இழப்பை ஈடு கட்டிடும். ஓவர்லாப்பும் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் ரெண்டும் ஒண்ணா திறந்திருக்குற நேரம்) குறையும், பூஸ்ட் போட்ட கலவை எக்ஸாஸ்ட் வழியா வீணாப் போகாது. கேம் கன்ட்ரோல் பண்ணத் தெரிஞ்ச ஈசியூ இருந்தாத்தான் இதெல்லாம் முடியும். நம்ம ஊர்ல டிக்டேட்டர், ஸ்பிட்ரானிக்ஸ்னு உள்ளூர் ஈசியூ இருக்கு, வாங்குறப்பவே எந்த மாடல் இந்த டைமிங் மாறுற (விவிடி) கேமை ஓட்டும், பெரிய கேம் சுவிட்ச்சையும் சேர்த்துப் பாத்துக்கும்னு டியூனர் கிட்ட கேட்டுட்டு வாங்குங்க.

ரெண்டாவது வழி, தடிமனான ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் நடுவுல இருக்குற தகடு). இது மலிவு, அதனாலதான் எல்லாரும் கேக்குறாங்க, நான் வேணாம்னுதான் சொல்வேன். காரணத்தையும் கணக்கோட சொல்றேன். இந்த இன்ஜின்ல ஒரு சிலிண்டர் கொள்ளளவு 449 சிசி, 11.5-ல பிஸ்டன் உச்சிக்கு வந்தப்ப அதுக்கு மேல மிச்சம் இருக்குற இடம் 42.7 சிசி. ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட்டினா கிட்டத்தட்ட 5.4 சிசி கூடும், கம்ப்ரெஷன் 10.3-க்கு வரும். அரை மில்லிமீட்டர்னா 10.9-தான். அதாவது ஒரு முழு மில்லிமீட்டர் ஹெட்டை தூக்கி கிடைச்சது ஒண்ணேகால் பாயின்ட்தான். இழந்தது என்ன? பிஸ்டன் உச்சிக்கு வர்றப்ப அதோட ஓரமும் ஹெட்டோட தட்டையான பகுதியும் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு நெருங்கி நடுவுல இருக்குற கலவையை ப்ளக் பக்கம் பீச்சி அடிக்கும், அதுக்குத்தான் ஸ்க்விஷ்-னு பேரு. அந்த வேகத்துலதான் தீ சீக்கிரம் பரவுது, ஓரத்துல தானா வெடிக்கிறதுக்கு கலவையே மிச்சம் இல்லாம போகுது. அந்த இடைவெளியை ரெண்டு மில்லிமீட்டர் ஆக்கினா ஸ்க்விஷ் செத்துடும், தீ மெதுவா பரவும், ஓரத்துல கலவை காத்துக்கிட்டு இருக்கும். நாக்கிங்கைக் குறைக்கிறதுக்குன்னு போட்ட கேஸ்கெட்டே நாக்கிங்கைக் கூட்டுற நிலைமை வரும். போதாக்குறைக்கு ஹெட் மேல போனதால செயின் ஓட்டம் மாறி கேம் டைமிங்கும் கொஞ்சம் பின்னாடி போகும். பூஸ்ட் போட்டா கேஸ்கெட் தாங்கணும்ங்கிற இடத்துல அடுக்கடுக்கா தடிமன் கூட்டுறதும் எனக்கு மனசு ஒப்புறது இல்ல. ஹெட் கழட்டுற கூலியும் புது போல்ட்டும் எப்படியும் செலவுதான், அந்தச் செலவோட பாதி தூரம் வந்துட்டு பிஸ்டனை மாத்தாம மூடுறது நல்ல முடிவு இல்ல.

மூணாவது வழி, போர்ஜ்டு (அழுத்தி அடிச்சு செஞ்ச பலமான) பிஸ்டன் போட்டு கம்ப்ரெஷனைக் குறைக்கிறது. இதுல 9.0-க்கு போகணுமா, 9.5-க்கா, 10-க்கா? அதே 449 சிசி கணக்குல 10-க்கு மிச்ச இடம் 50 சிசி கிட்ட, 9.5-க்கு 53, 9-க்கு 56. பிஸ்டன் வாங்குறப்ப டிஷ் எங்க இருக்குன்னு பாருங்க. பள்ளம் நடுவுல, ஓரம் தட்டையா ஹெட்டோட ஸ்க்விஷ் பகுதிக்கு நேரா இருக்கணும். முழு பிஸ்டன் தலையையும் கீழ இறக்கி செஞ்சதுன்னா அது தடிமனான கேஸ்கெட் போட்ட மாதிரி வேலைதான், காசு மட்டும் பல மடங்கு.

2இசட்இசட்-ல ஒரு தனி சிக்கல் இருக்கு. இந்த ப்ளாக்ல இரும்பு ஸ்லீவ் கிடையாது, சிலிண்டர் சுவர் எம்எம்சி-ன்னு சொல்ற கலப்பு உலோகம், சாதாரண ஹோனிங் கல்லெல்லாம் அதுல வேலைக்கு ஆகாது, சாதாரண போர்ஜ்டு பிஸ்டனையும் ரிங்கையும் அப்படியே உள்ள விட்டா தேய்மானம் வரும். அதுக்குன்னு கோட்டிங் போட்ட பிஸ்டன் வேணும், இல்லன்னா ப்ளாக்கை குடைஞ்சு இரும்பு ஸ்லீவ் இறக்கணும். அதனால 4ஏ இன்ஜினுக்கு பிஸ்டன் மாத்தின செலவை வெச்சு இதுக்கு பட்ஜெட் போடாதீங்க. இன்ஜினைப் பிரிக்கிறப்பவே ஆயில் பம்ப் கியரையும் பலமானதா மாத்திடுங்க, மேல் ஆர்பிஎம்ல இந்த இன்ஜின்ல உடையுற இடம் அதுதான், அது உடைஞ்சா போட்ட பிஸ்டன் எல்லாம் வீண்.

என்கிட்ட கேட்டா ரோட்டு வண்டிக்கு 9.5-ல இருந்து 10-க்குள்ள நில்லுங்க, 9-க்கு கீழ வேணாம். டர்போ போட்டவங்க 8.5-ன்னு சொல்றது வேற விஷயம், அவங்களுக்கு பூஸ்ட் ஒரு பார், ஒன்றரை பார்னு போகும். நம்ம எம்62 ஒரு சுத்துக்கு ஒரு லிட்டர்தான் தள்ளும், இன்ஜின் 8,000-க்கு மேல சுத்துறப்ப ப்ளோயர் அதோட வரம்பான 14,000 கிட்ட வந்துடும், அதுக்கு மேல ப்ளோயர் புல்லியை (பெல்ட் ஓடுற சக்கரம்) சின்னதாக்கினா காத்தை விட சூடுதான் ஜாஸ்தி வரும். அவ்வளவு பூஸ்ட்டே குடுக்க முடியாத ப்ளோயருக்கு 8.5 கம்ப்ரெஷன் எதுக்கு? கீழ் ஆர்பிஎம் இழுவையையும் பெட்ரோலையும் சும்மா விட்டுக்குடுக்குறதுதான் மிச்சம். இப்ப ட்வின் ஸ்க்ரூ ப்ளோயர் போடுறீங்க, சூடு கம்மி, 10 பிஎஸ்ஐ-க்கு மேல ஓட்டப் போறீங்கன்னா 9.5 பக்கம் சாயுங்க. சென்ட்ரிஃபியூகல் டைப்னா பூஸ்ட் ஆர்பிஎம்மோட சேர்ந்துதான் ஏறும், கீழ பூஸ்ட்டே இருக்காது, மேல இன்ஜின் வேகமா சுத்துறதால நாக்கிங்குக்கு நேரமும் கம்மி, அதுக்கு 10 தாராளமா தாங்கும், கீழ் ஆர்பிஎம் செத்துப் போகாம இருக்க 10-தான் வேணும்னும் சொல்லலாம்.

கேட்டலாக்ல 9.5-ன்னு போட்டிருக்குறதை அப்படியே நம்பாதீங்க, அளந்து பாக்கணும். நல்ல மெஷின் ஷாப்ல இதைப் பக்கத்துல நின்னு பாத்தா புரியும். ஹெட்டை தலைகீழா கவுத்து மட்டமா வைப்பாங்க, வால்வ் ப்ளக் எல்லாம் மாட்டின நிலையில சேம்பர் ஓரத்துல மெல்லிசா கிரீஸ் தடவி நடுவுல ஓட்டை போட்ட தடிமனான ப்ளாஸ்டிக் தகடை அழுத்தி ஒட்டுவாங்க. அப்புறம் ப்யூரெட்ல இருந்து கலர் கலந்த ஸ்பிரிட் சொட்டு சொட்டா இறங்கும். தகடுக்கு கீழ ஒரு சின்ன காத்துக்குமிழி மிஞ்சி நிக்கும், ஹெட்டை லேசா சாய்ச்சு அந்தக் குமிழி ஓட்டைக்கு வந்து வெளிய போற வரைக்கும் பொறுமையா நிப்பாங்க, அதுக்கப்புறம்தான் அளவைப் படிப்பாங்க. நாலு சேம்பரும் ஒரே அளவு இருக்கணும். ஒரு சிலிண்டர் மத்ததை விட ரெண்டு சிசி கம்மியா இருந்தா அதுலதான் முதல்ல நாக்கிங் ஆரம்பிக்கும், டியூனர் மொத்த இன்ஜினோட டைமிங்கையும் அந்த ஒரு சிலிண்டருக்காக பின்னாடி இழுக்கணும். பிஸ்டன் டிஷ், கேஸ்கெட் நசுங்கின பிறகு இருக்குற தடிமன், பிஸ்டன் டெக்குக்கு மேலயா கீழயான்னு டயல் கேஜ்ல பாத்த அளவு, எல்லாம் சேர்த்துத்தான் உண்மையான நம்பர் வரும்.

நாலாவதா தண்ணி-மெத்தனால் ஸ்ப்ரே. இதைத் தனி வழியா எடுத்துக்காதீங்க, முதல் வழிக்குத் துணைன்னு வெச்சுக்கோங்க. தண்ணி ஆவியாகுறப்ப எடுக்குற சூடு ரொம்ப ஜாஸ்தி, ஒரு கிலோவுக்கு 2,257 கிலோஜூல், பெட்ரோல் எடுக்குறது அதுல ஆறுல ஒரு பங்கு கூட இல்ல. இன்டர்கூலர் வைக்க இடமே இல்லாத செட்டப்ல இது நிஜமாவே காப்பாத்தும். ஆனா தொட்டி காலியானா, நாஸில் அடைச்சுக்கிட்டா, பம்ப் நின்னா, ஈசியூ அந்த நொடியே தெரிஞ்சுக்கிட்டு பூஸ்ட்டையோ டைமிங்கையோ குறைக்கணும். அந்தப் பாதுகாப்பு வயரிங் இல்லாம ஸ்ப்ரேயை நம்பி டைமிங் ஏத்தினா ஒரு நாள் இன்ஜின் போகும். இ85 (85 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்டா கம்ப்ரெஷன் கவலையே வேணாம்னு வெளிநாட்டுக்காரங்க சொல்றதை நம்ம ஊர்ல அப்படியே எடுத்துக்க முடியாது, தெருமுனை கராஜ் பம்ப்ல அது வராது, தினமும் ஓட்டுற வண்டியை 95 பெட்ரோலுக்குத்தான் கட்டணும்.

இப்ப நம்ம நாட்டுக்குன்னே இருக்குற விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா வெளிநாட்டு கிட் கூட வர்ற புக்ல இது இருக்காது. ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,750 மீட்டர் மேல. அங்க காத்தழுத்தம் 83 கிலோபாஸ்கல் கிட்ட, டர்பன்ல 101. டர்போவுல வேஸ்ட்கேட் பூஸ்ட்டைப் புடிச்சு வெச்சு உயரத்துல இருக்குற இழப்புல ஒரு பகுதியை ஈடு கட்டும், நம்ம ப்ளோயர் அப்படி இல்ல, ஒரு புல்லிக்கு ஒரு மடங்குதான், இருக்குற காத்தை அதே மடங்குல பெருக்கும். 1.4 மடங்குன்னு வெச்சா டர்பன்ல மேனிஃபோல்டு 142 கிலோபாஸ்கல், ஜோபர்க்ல 116. கேஜ்ல பாத்தா டர்பன்ல 6 பிஎஸ்ஐ, ஜோபர்க்ல 5-க்கும் கொஞ்சம் கம்மி. கேஜ்ல ஒரு பிஎஸ்ஐ-தான் வித்தியாசம்னு தோணும், ஆனா இன்ஜினுக்குள்ள போற காத்துல 20 சதவீதத்துக்கு மேல வித்தியாசம். மேல 93 பெட்ரோல் பம்ப்ல கிடைக்கிறதும் சாதாரண வண்டிங்க அதுல நிம்மதியா ஓடுறதும் இதே காரணத்தாலதான், காத்து லேசு, சிலிண்டர்ல பிரஷர் கம்மி.

ஜோபர்க் பக்கம் லெனேசியாவுல இருக்குற சொந்தக்காரங்க தைப்பூசக் காவடிக்கு கீழ எறங்கி வர்றதை யோசிச்சுப் பாருங்க. ஜோபர்க்ல 11.5-ல 93 பெட்ரோல் போட்டு டியூன் பண்ண வண்டி, டேங்க்ல பாதி அந்த பெட்ரோலோட வான் ரீனன் கணவாய் இறங்கி என்3-ல டர்பன் வருது. ஜனவரி கடைசி, பிப்ரவரி, நம்ம ஊர்ல வெயில் உச்சம். காத்து 20 சதவீதத்துக்கு மேல அடர்த்தி. ஈசியூ மேப்ல (எந்த பிரஷருக்கு எவ்வளவு பெட்ரோல், டைமிங்ங்கிற அட்டவணை) 116 கிலோபாஸ்கலுக்கு மேல இருக்குற கட்டங்களை டியூனர் டைனோவுல (பவர் அளக்குற மெஷின்) தொட்டிருக்கவே முடியாது, அங்க அவரால அந்த பிரஷரையே வர வைக்க முடியாது, அதனால அந்தக் கட்டங்கள்ல இருக்குறது அனுமானம்தான். அதை விட மோசம் திரும்பி போறப்ப, குடும்பமே வண்டியில, ஏசி ஓடுது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏத்தம், முன்னாடி லாரி, அஞ்சாவது கியர்ல 2,500 ஆர்பிஎம்ல ஆக்சிலரேட்டரை மிதிக்கிறாங்க. ரூட்ஸ் ப்ளோயர் அந்த ஆர்பிஎம்லயே பூஸ்ட் குடுக்கும். இன்ஜின் மெதுவா சுத்துது, கலவைக்கு தானா வெடிக்க நிறைய நேரம். நாக்கிங் வர்றதுக்கு இதை விட வசதியான இடம் டிராக்ல கூட கிடையாது. டெஸி ரேஸ்வேயில முழு ஆர்பிஎம்ல ஓடி வந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாம இருந்துட்டு இந்த ஏத்தத்துல ரிங் லேண்ட் போறது இதனாலதான்.

அப்புறம் ப்ளக்கை கழட்டி பாத்தா வெள்ளை பீங்கான் மேல பொடிப் பொடியா மினுங்குற புள்ளிங்க தெரியும், மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளியும் நடுவுல வெள்ளி மினுமினுப்பும் இருந்தா அது பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியம். அதைப் பாத்தா அன்னைக்கே பூஸ்ட்டைக் குறைங்க, காதுக்கு சத்தம் கேக்கலையேன்னு ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க, ப்ளோயர் விசில்லயும் எக்ஸாஸ்ட் சத்தத்துலயும் நாக்கிங் காதுக்கு கேக்கவே கேக்காது.

அதனால நான் முடிவு பண்ற முறை இதுதான். கம்ப்ரெஷன் ஒரு தடவை ஹெட்டை மூடினா முடிஞ்சுது, அதை மாத்த திரும்ப இன்ஜினைப் பிரிக்கணும். பூஸ்ட் அப்படி இல்ல, ஒரு சனிக்கிழமை காலையில புல்லியும் பெல்ட்டும் மாத்தி குறைச்சுக்கலாம் கூட்டிக்கலாம். மாத்த முடியாததை வண்டி பாக்கப் போற மோசமான நாளுக்கு ஏத்த மாதிரி வெச்சுட்டு, மாத்த முடிஞ்சதை வெச்சு மத்த நாளை பாத்துக்கணும். டர்பன்ல இருந்துக்கிட்டு தினமும் வேலைக்கு ஓட்டுற வண்டி, இன்ஜின் நல்ல நிலைமையில இருக்கு, 160, 170 கிலோவாட் போதும்னா 11.5-ஐ தொடாதீங்க, லோட்டஸ் வழியிலயே போங்க, இன்டர்கூலர், 6 பிஎஸ்ஐ, கேம் கன்ட்ரோல் இருக்குற ஈசியூ. எப்படியும் இன்ஜின் ஆயில் குடிக்குது, ரீபில்ட் பண்ணியே ஆகணும்னா அந்தச் செலவோட செலவா 9.5-10 பிஸ்டன் போட்டுடுங்க, முதல்ல பெரிய புல்லியில கம்மி பூஸ்ட்ல ஓட்டிட்டு அப்புறம் ஏத்திக்கலாம். 200 கிலோவாட்டுக்கு மேல வேணும்னா அதுக்கு 11.5-ல வழி இல்ல, பிஸ்டனும் ஸ்லீவும் ஆயில் பம்ப்பும் இன்டர்கூலரும் மொத்தமா பட்ஜெட் போட்ட பிறகு ஆரம்பிங்க.

ஜோபர்க்ல இருக்குறவங்களுக்கு 11.5 இன்னும் வசதி, காத்து லேசா இருக்குறதால அங்க கம்ப்ரெஷன் ஜாஸ்தி இருக்குறது உதவிதான், இழந்த இழுவையில கொஞ்சம் திரும்ப வரும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடலுக்கு எறங்கி வருவீங்கன்னா மேப்பை டர்பன்ல வந்து, வெயில் காலத்துல, 95 பெட்ரோல்ல, கீழ் ஆர்பிஎம் லோடு கட்டங்களை முதல்ல பாத்து டியூன் பண்ணச் சொல்லுங்க. அதே வண்டி மேல போனா பிரஷர் குறைஞ்ச கட்டங்கள்ல கொஞ்சம் பவர் கம்மியா ஓடும், அவ்வளவுதான். மேல டியூன் பண்ணிட்டு கீழ வர்றவங்க புறப்படுறதுக்கு முன்னாடி பெரிய புல்லியை மாட்டிக்கோங்க, டேங்க்ல 93 இருந்தா வழியில ஓட்டியே தீர்த்துட்டு ஹாரிஸ்மித்ல முழு டேங்க் 95 போடுங்க, கணவாய் அதுக்கப்புறம்தான் வருது.